இஸ்தோப்பில் ஒரு பள்ளிக்கூடம்

மஸ்கெலியாவுக்குப் புதிதாகச் செல்வோர் பங்குனி மாதத்து வெயிற்காலத்திற் செல்வாராயின், மற்றக் காலங்களிற் காணக் கிடைக்காத காட்சியொன்றைக் காண்பர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் வற்ற வற்ற, அதன் அடியிலே உறங்கும் பழைய மஸ்கெலியா மெல்லத் தலைகாட்டும். 1969ஆம் ஆண்டு அணை கட்டி முடிந்ததும் நீருக்குள் மறைந்துபோன பட்டினம் அது. பழைய கோவிலின் கற்களும், பள்ளிவாசலின் எச்சங்களும், பௌத்த விகாரையின் இடமும் சேறு பூசி வெளியே நிற்க, அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராக மக்கள் வந்து சேர்வர். இன்றைய பட்டினம் மேட்டிலே புதிதாக எழுந்தது.

நாமும் அக்காட்சியைக் காணவே சென்றோம். ஆனால் நாம் எழுத வந்தது அதைப் பற்றியன்று. கரையிலே நின்றிருந்த வேளையில், பத்துப் பன்னிரண்டு வயதுள்ள ஒரு சிறுமி, தன்னிலும் சிறிய நால்வருக்கு அந்தக் கற்களைக் காட்டி, "இதுக்கு முன்னால இங்க தெரு இருந்திச்சு, கடை இருந்திச்சு, தாத்தா இங்கதான் சிலேட்டு வாங்குனாரு" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராக அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. சொல்லாதவனுக்குக் கையிலிருந்த கொய்யாப்பழம் கிடைக்காது. யார் பிள்ளைகள் என்று விசாரித்தோம். அவ்விசாரணைதான் நம்மை மூன்று மைல் தூரம் மலையேற்றி, ஒரு தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் கொண்டுபோய் உட்கார்த்தியது.

லயத்து வீடு எத்தகையது என்பதை மலைநாட்டார்க்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றையோருக்காகச் சொல்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு எனப்படும் சிறு தாழ்வாரம், பின்னால் புகை படிந்த அடுப்படி. ஒரே கூரையின் கீழ் இத்தகைய வீடுகள் வரிசையாக நிற்கும். இந்த வீட்டில் இருப்பவர்கள் அறுவர். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தந்தையார் கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்து, மாதம் ஒருமுறை வந்து போகிறவர். தாயார் கொழுந்து பறிப்பவர். மூத்தவள் ஒரு பெண், அடுத்தவன் பையன், கடைக்குட்டி நாம் கரையிலே கண்ட சிறுமி. பெயர்களை அவர்கள் விரும்பவில்லை; நாமும் எழுதவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக அந்த நிலை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2021 அக்டோபர் 21ஆம் திகதி, இருநூறு மாணவருக்குக் குறைந்த சிறு பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளை முதலிற் திறந்தார்கள். இடையிலே பாடங்கள் தொலைபேசி வழியாக வரும் என்றார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு வந்தன. லயத்துக்கோ தொலைபேசி அலையே வருவதில்லை. வீட்டில் இருந்ததும் தந்தையார் கொழும்பிலிருந்து கொடுத்தனுப்பிய ஒரேயொரு தொலைபேசி. மூத்த பெண் அதை எடுத்துக்கொண்டு, தேயிலை மலையின் உச்சியில் உள்ள ஒரு பாறைமீது ஏறிப் பாடங்களைப் பெற்றுக்கொண்டு இறங்குவாள். மழையென்றால் அட்டை, வெயிலென்றால் குளவி. குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளரைப் பற்றிய செய்திகளை வாசிப்போர் இதை விளையாட்டாக எண்ணமாட்டார்கள்.

முதலில் தம்பி தங்கைக்காக மட்டுமே ஏறினாள். ஒருநாள் அடுத்த காம்பராப் பிள்ளை வாசலில் வந்து நின்றான். மறுநாள் இருவர். "வீட்டுக்குள்ள நமக்கு மட்டும் விளக்கு ஏத்திக்கிட்டு, பக்கத்து வூட்டுப் புள்ளைய இருட்டுல வைக்கிறதா?" என்று தாத்தா கேட்டாராம். அவ்வளவுதான். மாதமொன்று கழிவதற்குள் அந்த இஸ்தோப்பிலே பதினொரு பிள்ளைகள்.

அவ்வீட்டின் நாள் எவ்வாறு கழிந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தாயார் அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து வைத்துவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார். பிள்ளைகள் தண்ணீர் பிடித்து, கூட்டிப் பெருக்கி, தாத்தாவுக்குச் சாயத்தண்ணி கொடுத்து முடிக்க எட்டரை. ஒன்பது மணிக்குப் பாடம். சிறியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் காலையில். பெரியவர்களுக்குக் கணக்கும் சுற்றாடலும் அதன் பின். கொப்பி விலை ஏறிவிட்டமையால் சிறுவர்கள் சாக்கின்மேல் பரப்பிய மணலிலே விரலால் எழுதினார்கள். இது தாத்தாவின் யோசனை. தாம் சிறுவயதில் அப்படித்தான் 'அ'னா எழுதியதாகச் சொன்னார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் படித்தாலும் அன்றைக்கே அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு. மூன்றாம் வகுப்பு முதலாம் வகுப்புக்கு. முதலாம் வகுப்புக்காரருக்குக் கீழே யாருமில்லையே என்று கேட்டோம். "அதுங்க தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கும், தாத்தா தெரியாத மாதிரி இருப்பாரு" என்று சிரித்தாள் கடைக்குட்டி.

இதைக் கேட்டபோது நமக்கு ஒரு பழைய சரித்திரம் நினைவுக்கு வந்தது. ஆண்டுரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தி வந்தார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றிலே சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தினார். உபாத்தியாயர்கள் அதற்கு இணங்காமையால், மூத்த மாணவன் ஒருவனைக்கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். தாய்நாடு திரும்பி 1797இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திற் பரவி, வேறு தேசங்களுக்கும் சென்றது. நம் திண்ணையிலிருந்து சட்டாம்பிள்ளை கப்பலேறிப்போன கதை அது. இருநூறு வருடங்களுக்குப் பின் மஸ்கெலியாவின் லயத்திலே ஒரு கிழவர் அதே மணலைப் பரப்பியபோது, அவருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

தோட்டத்திலே வீடும் திண்ணையும் பள்ளியாவது புதிதல்ல. 1907ஆம் ஆண்டின் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வழிசெய்வது தோட்ட நிருவாகத்தின் கடமை என்றது. பத்து வயதோடு அந்தக் கடமை முடிந்தது; பதினோராம் வயதிற் பிள்ளை கூடையைத் தூக்கவேண்டும் என்பதை அச்சட்டம் எழுதாமலே எழுதிவைத்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டத்துப் பள்ளிகள் நெடுங்காலம் ஒதுங்கியே கிடந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. வாக்கில்லாத மக்களின் பள்ளிக்கு யார் கூரை வேய்வார்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளிலும் அதற்குப் பின்னருமே. அந்த இடைக்காலத்தில், எழுத்தறிந்த தொழிலாளர்கள் இராக்காலத்திலே மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நடத்திய பாடசாலைகள்தான் பலருக்கு எழுத்தைத் தந்தன. தாத்தாவுக்கும் அப்படியே. பகலில் பத்து வயது வரை தோட்டத்துப் பள்ளி. இரவில் கோவிற் கூடத்திலே பாரதக் கதையும் வாய்ப்பாடும்.

அவர் பூகோளம் கற்பிக்கும் விதம் ஒன்றை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த ஆகாயவிமானம் ஒன்று, ஏழு கன்னியர் மலையிலே மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். மஸ்கெலியாப் பகுதியிலே அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் உண்டு. தாத்தா சுண்ணக்கட்டியால் இஸ்தோப்பின் தரையிலே சுரபாயாவையும் கொழும்பையும் ஜித்தாவையும் குறித்து, நடுவிலே ஒரு மலையை வரைவார். எந்தக் கடல், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் சொல்லவேண்டும். கடைசியில், "செத்தவங்க நம்ம ஊருக்கு வந்த விருந்தாளிங்க. அவங்க ஊரு எங்கயிருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார். இதைக்காட்டிலும் நல்ல பூகோளப் பாடத்தை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கணக்குப் பாடம் பிறந்த கதையோ வேறு. அதற்கு ஓர் எடுப்புண்டு.

கொழுந்து நாளொன்றுக்குப் பல தடவை நிறுக்கப்படும். ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கும் ஈரத்துக்குமாகச் சிறிது கழிப்பார்கள். கணக்குத் துண்டை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு வருகிற பெண்களிற் பலர் அதைப் படிப்பதில்லை. படித்தறியாதவர் சிலர், படித்தும் கேட்கத் துணியாதவர் பலர். மூத்த பெண் பாடத்துக்காக அத்துண்டுகளை வாங்கி, கூட்டலும் கழித்தலும் செய்யச் சொன்னாள். மலையிலே ஒவ்வொரு நிறுவையின் போதும் தராசு காட்டியதைத் தாயார் நினைவில் வைத்து வந்து சொல்வார். அவருடன் கொழுந்தெடுக்கும் மூவரும் சொல்வர். நான்கு பேருக்கு நான்கு பக்கம். இரண்டு கிழமை சென்றபின், பக்கத்துக் காம்பராவிலே தனியாக வாழும் பெரியம்மா ஒருவரின் பக்கத்தில் மட்டும் 14 கிலோ இடிக்கிறது. பையன் மூன்று முறை கூட்டினான். அக்காள் ஒரு முறை கூட்டினாள். கணக்குச் சரிதான். கழிவு அவருக்கு மட்டும் இரு தடவை எழுதப்பட்டிருந்தது.

இனி என்ன செய்வது? அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை என்றார் தாயார். கேட்டால் வம்பு, கேட்காவிட்டால் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? "கணக்கு தப்புன்னு புள்ள கண்டுபுடிச்சிருச்சு. இனிமே நான் பேசாம இருந்தா, படிச்சது எதுக்குன்னு அது கேக்கும்ல?" என்று நம்மிடம் சொன்னபோதும் அவருடைய குரல் தாழ்ந்தே இருந்தது. மறுநாள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளையிடம் போனார். உரத்த பேச்சு ஒன்றுமில்லை. "ஐயா, புள்ளைங்க கணக்குப் பாடம் செஞ்சிச்சுங்க. இது எங்க பெசகுதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று கொப்பியை நீட்டினார். அவர் நெடுநேரம் பார்த்தார், ஒப்புக்கொண்டார், அடுத்த சம்பளத்தில் பணம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக முடியுமென்று நாம் சொல்லமாட்டோம். அதன் பிறகு லயத்துப் பெண்கள் எல்லாரும் துண்டுகளைக் கொண்டுவந்து இஸ்தோப்பிலே போட ஆரம்பித்தார்கள். கணக்குப் பாடத்துக்கு உதாரணம் தேடவேண்டிய வேலை அன்றோடு தீர்ந்தது.

துண்டோடு நிற்கவில்லை. மருந்துப் புட்டியின் எழுத்தை வாசிக்க, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப, பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழைபட்டதைத் திருத்த எழுத என்று பெரியவர்கள் வந்தார்கள். தோட்டத்தாரிற் பலருக்குப் பத்திரம் என்பது வெறும் காகிதமன்று. பாட்டன் பெயரிலே ஓரெழுத்து மாறினாற்கூடப் பிரசாவுரிமைக்கு அலைந்த தலைமுறைகள் அவர்களுக்கு முன்னே உண்டு. ஆகையால் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை என்றால் சிரிப்பு வராது; பயம் வரும். பத்து வயதுப் பையன் ஒரு விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, அக்காளிடம் காட்டி, பிறகு பென்சிலாலெழுதியதன்மேல் பேனாவால் எழுதுவான். காசு வாங்குவதில்லை என்பது அந்த வீட்டின் கட்டுப்பாடு. கிழங்கோ கீரையோ கொடுத்தால் மறுப்பதில்லை.

இதுவரை எழுதியதை மட்டும் படிப்பவர், எல்லாம் மங்களகரமாகவே முடிந்தது என்று எண்ணக்கூடும். மூத்த பெண்ணின் பங்கு இன்னும் சொல்லப்படவில்லை.

அவள் அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவேண்டியவள். தம்பியோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு. நோயினாற் பின்போடப்பட்ட அவ்விரண்டு பரீட்சைகளும் 2020 அக்டோபர் மாதத்திலே அடுத்தடுத்த நாள்களில் வந்தன: 11ஆம் திகதி புலமைப்பரிசில், 12ஆம் திகதி உயர்தரம் ஆரம்பம். இஸ்தோப்பிலே ஐந்து பேர் புலமைப்பரிசிலுக்கு இருந்தார்கள். ஐவருக்கும் அவள் கடைசி நாள் மாலை வரை பழைய வினாத்தாள்களைச் செய்வித்தாள். தன் புத்தகத்தை எடுத்தது இரவு பத்து மணிக்கு. ஐவரில் இருவர் சித்தியடைந்தனர். அவ்விருவரில் தம்பி இல்லை. 2021 மே மாதத்தில் அவளது பெறுபேறு வந்தது. மூன்று பாடங்களிலும் சித்தி. பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி இல்லை.

இதைப் பற்றி அவளிடமே கேட்டோம். விடுமுறைக்கு வீட்டிலிருந்தாள். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கவலை இல்லைன்னு சொன்னா பொய்யிங்க. அந்த அஞ்சு புள்ளைங்களுக்கும் சொல்லிக்குடுக்காம இருந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்குமோ என்னமோ. ஆனா அதுங்க வாசல்ல வந்து நின்னா நான் எப்புடிங்க கதவ சாத்துறது?" என்றாள். தாயார் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறர்க்கு உதவுவதே கல்வியின் பயன் என்று மேடையிற் பேசுவோர், அவ்வுதவிக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார் என்பதையும் கேட்டறியவேண்டும். காந்தியடிகளின் வாழ்விலும் இந்தக் கேள்வி எழுந்ததுண்டு. 1910இல் தென்னாப்பிரிக்காவிலே ஜொகனஸ்பேர்க்குக்கு 21 மைல் தொலைவில், கலன்பாக் என்னும் நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்திலே அவர் அமைத்த டோல்ஸ்டாய் பண்ணை, ஒரே குடும்பமாக வாழ்ந்து பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கொடுக்கும் முயற்சியாகவும் இருந்தது. சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகள், அவர்களிற் பலர் தமிழர், காலையிலே தோட்டவேலையும் சமையலும் செருப்புத் தைத்தலும் செய்துவிட்டு, பிற்பகலிற் பாடத்துக்கு வருவர். களைப்பால் கண் சொக்கும். தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக்கொண்டே காந்தியடிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்லுவதில்லை என்பது அங்கே விதி. அப்பண்ணை மனிதரை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய மூத்த மகன் ஹரிலால், முறையான கல்வி வேண்டுமென்று 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குச் சென்றார். தம் புதல்வர்க்கு ஏட்டுக்கல்வி போதாமற்போனதையும், அவர்களுக்கு அதனால் உண்டான மனக்குறையையும் காந்தியடிகள் தம் சுயசரிதத்திலே மறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் தந்தையானவர் வீட்டிலே ஒரு பிள்ளையின் குறையைத் தீர்க்கமுடியவில்லை.

மஸ்கெலியாவின் இந்த வீடு தன் பிழையை அதற்குமுன் கண்டுகொண்டது என்றே சொல்லவேண்டும். பெறுபேறு வந்த வாரத்திலே தாத்தா லயத்தாரைக் கூப்பிட்டார். "எம் பேத்தி படிக்கணும். இனி ஆறு மாசத்துக்கு அவள யாரும் கூப்புடக் கூடாது" என்றார். பெண்கள் தமக்குள்ளே முறை வைத்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த இரு தாய்மார் மாலைப் பாடத்தை ஏற்றுக்கொண்டனர். பாறைமேல் ஏறும் வேலை பக்கத்து லயத்து இளைஞன் ஒருவனுக்கு. தண்ணீர் பிடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் பெரியம்மாவின் பொறுப்பு. அவர் தாமாகவே வந்து கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. 14 கிலோவின் கணக்கை அவர் மறக்கவில்லை போலும். அடுத்த உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. இரண்டாந் தடவையிலும் பல்கலைக்கழகம் கிட்டவில்லை. ஆனால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. ஆரம்பக் கல்வியே அவள் தெரிந்தெடுத்த துறை. பல்கலைக்கழகத்தை இன்னும் விட்டுவிடவில்லையென்றும், வேலை கிடைத்தபின் வெளிவாரியாகப் பட்டம் படிக்கப்போவதாகவும் சொன்னாள்.

பாடசாலைகள் திறந்து வருடங்கள் ஆகிவிட்டன. இஸ்தோப்பு மட்டும் மூடப்படவில்லை. இப்பொழுது பகலில் எல்லாரும் பாடசாலைக்குப் போகிறார்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு இங்கே வருகிறார்கள். புலமைப்பரிசிலிற் தவறிய பையன் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். கணக்குப் பாடம் அவனுடையது. நாம் இருந்தபோதே ஒரு பெண் மடியிலிருந்து துண்டொன்றை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்தார். அவன் கூட்டிப் பார்த்து, "சரியா இருக்குங்க அத்தே" என்றான். அவர் எழுந்து போய்விட்டார்.

இருட்டும் முன் இறங்கவேண்டும் என்று விடைபெற்றோம். தாத்தா நம்மைப் படிவரை கொண்டுவந்து விட்டார். கடைக்குட்டி பின்னாலேயே ஓடிவந்து, நம் கையிலிருந்த அன்றைய பத்திரிகையைக் காட்டி, படித்து முடித்தாயிற்றா என்று கேட்டாள். கொடுத்தோம். திரும்பிப் பார்த்தபோது அவள் இஸ்தோப்பு விளிம்பில் அமர்ந்து, முதல் பக்கத்துத் தலைப்பை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தாத்தாவுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவரும் தெரியாதவர் போலவே, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.